பிள்ளையும் மறந்து போயிருமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

சுனாமியில் கடல் வந்த அன்று நாவலடியில் என் அண்ணனின் கையிலிருந்து அவருடைய நாலு வயது மகள் இழுபட்டுப் போனாள். இருபது வருடம் கடந்தும் மார்கழி வந்தால் அண்ணனுக்கு நித்திரை இல்லை. வாளிக்குள் பைப் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே எழும்பி வெளியே போய்விடுவார். கண்ணை இடம் வலமாக அசைக்க வைத்து இதற்கு வைத்தியம் செய்கிறார்களாம் என்று கனடா மச்சாள் சொல்கிறாள். இது மனோவசியமா? யூடியூப் பார்த்து நாங்களே செய்யலாமா? அண்ணனிடம் சொன்னபோது, "அப்ப பிள்ளையும் மறந்து போயிருமா?" என்று மட்டும் கேட்டார்.

ச., கல்லடி

அன்புள்ள ச.,

நான் வைத்தியன் இல்லை; வாசித்ததையும் விசாரித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மனோவசியம் இல்லை. அண்ணன் முழு உணர்வோடு இருப்பார், கையைக் காட்டினால் நிற்பாட்டுவார்கள். பெயர் இஎம்டிஆர். ஃபிரான்சீன் ஷப்பீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் பூங்காவில் நடக்கும்போது, கண் அங்குமிங்கும் ஓட ஓட மனதை அரித்த எண்ணங்கள் வலுவிழப்பதைக் கவனித்தாராம். 1989இல் முதல் ஆய்வு வந்தது. கதை கொஞ்சம் அதிசயமாக இருந்ததால் நானும் நம்பவில்லை. ஆனால் 2013இல் உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைத்தது. குணம் கண்ணசைவால் வருகிறதா, நினைவை எதிர்கொள்வதால் வருகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். பிடுங்குப்படட்டும்.

உளவளத்துணையாளரான சிநேகிதர் ஒருவர் எனக்குச் செய்து காட்டினார். பழைய அவமானம் ஒன்றை நினைக்கச் சொல்லி, முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை அசைத்தார். தலை அசையாமல் கண் மட்டும் விரலுக்குப் பின்னால் போகவேண்டும். அரை நிமிடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்றார். எனக்கு வந்தது என்னை அவமானப்படுத்திய ஆளின் சட்டைப் பொத்தான்! விரலைத் தொடர்ந்துகொண்டே நினைவில் உள்ள படத்தையும் முழுதாகப் பிடித்துவைக்க மனதுக்கு இடம் போதாது, படம் மங்குகிறது என்பது ஒரு விளக்கம்.

வீட்டில் மட்டும் செய்யாதீர்கள். எட்டுக் கட்டம் உள்ள வைத்தியம் இது. விரல் அசைப்பது நடுவில்தான் வரும். அதற்கு முன்னே, பதற்றம் ஏறினால் மனதால் திரும்பி வர ஓர் அமைதியான இடத்தைத் தேர்ந்து பழக்குவார்கள். பலர் கடற்கரையைச் சொல்வார்களாம். அண்ணனுக்கு அது ஆகாது. படுவான்கரைப் பக்கம் ஒரு வயல் வாடியாக இருக்கலாம். அவருடைய முகம் மாறுவது யூடியூப்புக்குத் தெரியாது.

இனி அண்ணனின் கேள்வி. சத்தியமாக மறக்காது. நடந்தது நடந்ததாகவே இருக்கும். இப்போதுதான் நடக்கிறது என்று உடம்பு பதறுவதுதான் குறையவேண்டும். நினைத்தால் எவ்வளவு வேதனை என்று 0 முதல் 10 வரை சொல்லச் சொல்வார்கள், அதைத்தான் இறக்கப் பார்ப்பார்கள். இன்னொன்றையும் கேட்பார்கள்: அந்தப் படத்தோடு உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அண்ணன் என்ன சொல்வாரென்று நீங்களும் ஊகிப்பீர்கள். 'நான்தான் கையை விட்டேன்.' அந்த இடத்தில் 'என்னால் ஏலுமானதைச் செய்தேன்' என்பதை அவரே நம்பும் வரைக்கும் போவார்கள். அந்த நம்பிக்கைக்கு 1 முதல் 7 வரை தனி அளவு உண்டு.

நாலு வருடம் வளர்த்த பிள்ளை. அவள் சோறு தின்ன அடம்பிடித்தது, சைக்கிள் பாரில் இருந்து வந்தது எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அந்த ஒரு கணம் நிற்கிறது. அது கொஞ்சம் விலகினால் மற்றவை வரும். அண்ணனுக்கு இதை மட்டும் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவில், இதில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றாலும் திரும்பிவிடாதீர்கள், இதே துயரத்துக்கு வேறு பேச்சு வைத்தியமும் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. இரவில் தாங்கேலாமல் போனால் உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அடிக்கலாம். மார்கழி பிறக்குமுன் போய்விடுங்கள்.