நகை அதே 24 பவுன்தான், கடன் மட்டும் எப்படி வளருது?

கேள்வி (லெட்டரோட சுருக்கம்): ராமநாதபுரம் பக்கம் மண்டபத்துல ஐஸ் ஃபேக்டரி வச்சிருக்கேன், நண்டும் எடுத்து கம்பெனிக்கு கொடுக்குறேன். வயசு 37. மூணு வருஷம் முன்னாடி பெங்களூர்ல 2017 மாடல் போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். லோன் 30 லட்சம், இஎம்ஐ 66,700, இன்னும் ஒண்ணேமுக்கால் வருஷம் இருக்கு. அந்த வண்டியில ஆப்ஷன், அதாவது கூடுதல் வசதி எதுவும் இல்ல, அதனால கம்பெனி பார்ட்ஸாவே ஒவ்வொண்ணா போட்டுட்டு வர்றேன். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், 20 இன்ச் வீல், சஸ்பென்ஷன் முடிஞ்சுது. இப்ப வண்டி இன்னும் சீக்கிரம் வேகமெடுக்கிற ஸ்போர்ட் குரோனோ பேக்கேஜ் பாக்கி, ஷார்ஜாவுல இருக்கிற மச்சான் எல்லாம் சேர்த்து நாலரை லட்சத்துல முடிச்சு தர்றேங்கிறார், 60,000 அட்வான்ஸும் அனுப்பிட்டேன். எல்லா செலவும் வீட்டுக்காரியோட 24 பவுன் நகைக்கடன்லதான் ஓடுது. முதல்ல 4 லட்சம், அப்புறம் 7, போன வருஷம் 11. தங்கம் ஏறினதால இந்த தடவை 17 வரைக்கும் தர்றோம்னு பேங்க்ல சொல்றாங்க. வட்டி 12 சதவீதம். அவளுக்கு முதல் 4 லட்சம் மட்டும்தான் தெரியும். ராத்திரி தூக்கம் வரல. வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி.

கார் எடுத்தது சரியா தப்பான்னு நான் பேசப்போறதில்ல, அது உங்க ஆசை, இஎம்ஐயும் ஒழுங்கா போகுது. நகைக்கடன்னா என்னன்னும் சொல்லித்தர வேண்டியதில்ல, நம்ம ராமநாதபுரம் பக்கம் மீன்பிடி தடைக்காலம் வந்தா பாதி வீட்டு நகை பேங்க்லதான் தூங்கும். உங்களை கெடுக்கிறது வேற ஒண்ணு. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் பழைய கடனை வட்டியோட புதுக்கடன்லயே கழிச்சுட்டு, மிச்சத்தை கையில வாங்கிட்டு வர்றீங்க பாருங்க, அந்தப் பழக்கம்தான். கையிலேருந்து ஒரு ரூபாய் வட்டி கட்டினதா உங்க லெட்டர்ல எங்கயும் இல்ல.

தோராயமா போட்டுப் பார்ப்போம். முதல் 4 லட்சத்துக்கு வருஷ வட்டி 48,000, அதையும் சேர்த்து கழிச்சுட்டு 7 வாங்கினீங்க, அப்ப கைக்கு வந்தது 2,52,000. அந்த 7க்கு வட்டி 84,000, அதையும் கழிச்சுட்டு 11 வாங்கினப்ப கைக்கு 3,16,000. ஆக மொத்தம் மூணு தடவையிலயும் கைக்கு வந்தது 9,68,000, மீதி 1,32,000 சும்மா வட்டி அசலாகி உட்கார்ந்திருக்கு. இந்த வருஷ வட்டியும் அதே 1,32,000. இப்ப 17 வாங்கினா 12,32,000 போக 4,68,000 கையில நிக்கும், மச்சான் சொன்ன நாலரைக்கு அளவெடுத்த மாதிரி சரியா இருக்கும், அதனாலதான் உங்களுக்கு ஆசையும் வருது. அதுக்கப்புறம் வருஷ வட்டி மட்டுமே 2,04,000.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னும் பாருங்க. 718 கேமன் பிடிகேங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட பூஜ்யத்துலேருந்து 100 போக 4.9 செகண்ட்னு கம்பெனியே சொல்லுது, ஸ்போர்ட் குரோனோ இருந்தா 4.7. இன்ஜின் பவர் அதே 300 குதிரைதான், ஒரு குதிரை கூட ஏறாது. டேஷ்போர்டு மேல கடிகாரம், ஸ்டியரிங்ல மோடு மாத்துற திருகு, நின்ன இடத்துலேருந்து வேகமா கிளப்புற லாஞ்ச் கன்ட்ரோல், கியர்பாக்ஸ் ஆட்டத்தை அடக்குற மவுண்ட், இதெல்லாம் சேர்ந்து கொடுக்கிறது அந்த 0.2 செகண்ட். அதை நீங்க எங்க எடுக்கப் போறீங்க? பாம்பன் பாலத்துல டூரிஸ்ட் வேன் நடுவுல நிறுத்தி செல்ஃபி எடுக்கிறான், தனுஷ்கோடி ரோட்டுல காத்தடிச்சா மணல் குறுக்க ஏறி கிடக்கு, ஈசிஆர்ல தேவிபட்டினம் தாண்டினா ஆடு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, ஸ்போர்ட் குரோனோ ஃபேக்டரியில வர்றது வேற, பின்னாடி போடுறது வேற. கடிகாரத்தை ஒட்டி திருகை மாட்டிட்டா வேலை முடியாது, கம்ப்யூட்டர்ல கோடிங் பண்ணணும், மவுண்ட் மாத்தணும், நிறைய பேர் செலவுக்கு பயந்து மவுண்ட்டை விட்டுட்டு பேருக்கு கடிகாரத்தை மட்டும் வச்சுக்குறாங்க. மச்சான் சொன்ன நாலரையில மவுண்ட் இருக்கா? ஷார்ஜா பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல இடிபட்ட வண்டியில கழட்டினதா, புதுசா? கஸ்டம்ஸ் டியூட்டியும் அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் அதுலயே அடக்கமா, இல்ல சூட்கேஸ்ல சட்டைக்கு நடுவுல வருதா? கோடிங் சரியா உட்காரலைன்னா வண்டியை லாரியில ஏத்தி சென்னைக்கு அனுப்பணும், மண்டபத்துலேருந்து 500 கிலோமீட்டருக்கு மேல. ஷோரூம் போடாத பார்ட்ஸால ஏதாவது ஆச்சுன்னா வாரன்டியும் பேசாது. எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் மாத்தினதை இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல சொன்னீங்களா? சொல்லலைன்னா இந்த வாரமே சொல்லுங்க, கிளெய்ம் அன்னைக்கு இது தெரிய வந்தா பெரிய தலைவலி.

விக்கும்போது பணம் வந்துடும்னு நினைக்காதீங்க. வாங்க வர்றவன் சேசிஸ் நம்பரை வச்சு ஃபேக்டரியில என்னென்ன ஆப்ஷனோட வந்துச்சுன்னு பார்ப்பான், அந்த லிஸ்ட்ல இல்லாததுக்கு ஒத்தைக் காசு ஏத்தித் தரமாட்டான். ஸ்போர்ட் குரோனோ இல்லாம இருக்க முடியாதுன்னா, இஎம்ஐ முடிஞ்சதும் இதை வித்துட்டு அது ஃபேக்டரியிலயே உள்ள கேமனா பார்த்து வாங்குங்க, ஒண்ணொண்ணா போடுறதை விட அது மலிவு.

இப்ப எனக்கு நிஜமாவே பயமா இருக்கிற இடத்துக்கு வர்றேன். 17 லட்சம் ஒரு வருஷத்துல 19 லட்சம் சொச்சம் ஆகும். உங்க 24 பவுன் 192 கிராம், கிராம் 12,000னு வச்சா 23 லட்சம். விலை 20 சதவீதம் இறங்கினா 18.4 லட்சம், கடன் நகையைத் தாண்டிடும், பேங்க் நோட்டீஸ் அனுப்பும், அப்புறம் ஏலம். தங்கம் இறங்கவே இறங்காதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, 2013 ஏப்ரல்லயும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க, ரெண்டு மூணு நாள்ல தடால்னு விழுந்துச்சு.

லெட்டரோட கடைசியில போகிற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, நகையை மீட்கறதுக்காக செல்போன் ஆப்ல மாசம் 5,000க்கு டிஜிட்டல் தங்கம் வாங்குறேன்னு. என்ன தம்பி இது! வீட்டுத் தங்கத்தை 12 சதவீதத்துக்கு அடகு வச்சுட்டு, 3 சதவீத ஜிஎஸ்டியும் கட்டி, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இருக்கிற வித்தியாசத்தையும் கொடுத்துட்டு போன்ல தங்கம் சேர்க்குறீங்க. அது தன்னோட கட்டுப்பாட்டுல வராத சரக்குன்னு பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே 2025 நவம்பர்ல எச்சரிக்கை விட்டுச்சு. இன்னைக்கே வித்து கடன்ல கட்டுங்க. பேங்க்ல அந்தப் பையன் சொன்னானாமே, கூடுதலா வாங்கி மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி போட்டா 15 சதவீதம் வரும்னு, 12 நிச்சயம், 15 நிச்சயமில்ல, அவனுக்கு டார்கெட் இருக்கு, விட்டுடுங்க.

உங்க கணக்குப்படி நல்ல மாசம் 2,40,000 வருது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கட்டிக் கிடக்கும், ஐஸ் யாருக்கு போகும், அப்ப மாசம் 65,000தான்னு எழுதியிருக்கீங்க. வருஷத்துக்கு 25 லட்சம் சொச்சம். இஎம்ஐ 8, வீட்டுச் செலவு 9, ஃபீஸ் 1.8, கார் இன்சூரன்ஸ் டயர் சர்வீஸ்னு ஒரு 2.5. எப்படியும் 4 லட்சம் மிஞ்சணும். மிஞ்சுது, ஆனா கார் பேர்ல ஏதோ ஒரு பார்சல்ல போயிடுது.

இந்த தடவை வட்டி 1,32,000ஐ கையிலேருந்து கட்டி கடனை 11லயே நிறுத்துங்க. அதுக்குப் பணம் பத்தலைன்னா அந்த 20 இன்ச் வீலை டயரோட வித்துடுங்க, பழைய வீல் குடோன்லதானே கிடக்கு, மண்டபம் ஸ்பீடு பிரேக்கருக்கு அதுதான் லாயக்கு. அப்புறம் தடைக்காலம் ரெண்டு மாசம் விட்டுட்டு மீதி பத்து மாசமும் 40,000 கடன்ல கட்டுங்க, நடுவுல கட்டினா வாங்கிக்குவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, வாங்காத ஸ்கீம்னா ஸ்கீமை மாத்துங்க. மூணு வருஷம் சொச்சத்துல 24 பவுனும் வீட்டுக்கு வந்துடும், கார் லோன் முடிஞ்ச பிறகு அந்த 66,700லயும் பாதியைத் திருப்பினா இன்னும் சீக்கிரம். 17 வாங்கிட்டு இதே 40,000 கட்டினா கிட்டத்தட்ட ஆறு வருஷம் இழுக்கும்.

வீட்டுக்காரங்ககிட்ட 11ன்னு சொல்லிடுங்க, ரசீதை கையில கொடுத்து. நகை அவங்களோடது, அடுத்து கூட்டி வைக்கணும்னா அவங்க சம்மதம் இல்லாம நடக்கக் கூடாதுன்னு நீங்களே ஒரு ஏற்பாடு வச்சுக்கலாம், அது உங்களைத்தான் காப்பாத்தும். திட்டுவாங்க, வாங்கிக்கோங்க.

மச்சானுக்கு அனுப்பின 60,000 பத்தி: பார்ட்ஸ் இன்னும் எடுக்கலைன்னா திருப்பிக் கேளுங்க, எடுத்துட்டார்னா அங்கேயே வித்துக் கொடுக்கச் சொல்லுங்க. அட்வான்ஸ் வீணாகுதேன்னு மிச்ச 3,90,000ஐ அனுப்பாதீங்க. சொந்தத்துக்குள்ள கேக்க கூச்சமா இருக்கும், வீட்டுக்காரங்க கூடப் பொறந்தவர்தானே, அவங்களையே போன்ல பேசச் சொல்லுங்க. அவங்க கேட்டா ரெண்டே நாள்ல பணம் வந்துடும்.