பொண்ணு வார்டு கதை சொல்லி சிரிக்கறா, பயமா இருக்கு!

கேள்வி: என் பொண்ணு கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஹவுஸ் சர்ஜன். டூட்டி முடிஞ்சு வந்ததும் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட போன்ல வார்டுல நடந்ததெல்லாம் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கறா. இப்ப 'மேஷ்'னு ஒரு இங்கிலீஷ் நாவல், கொரியா போர்ல ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரி கதையாம், அதுக்கும் அதே சிரிப்பு. சாவுக்கு நடுவுல என்ன சிரிப்பு? இவ மனசு கல்லாயிடுச்சா?

பதில்: இல்லம்மா, கல்லாகல. அந்த நாவல நானும் படிச்சிருக்கேன். 1968ல வந்தது, ரிச்சர்ட் ஹூக்கர்ங்கறது புனைபெயர், எழுதினவர் நிஜமாவே கொரியால அந்த மாதிரி கூடார ஆஸ்பத்திரில கத்தி பிடிச்ச சர்ஜன். போர்முனைக்குக் கொஞ்சம் பின்னாடி டென்ட் அடிச்சு ஆபரேஷன் பண்றது, ஹெலிகாப்டரோட வெளிப்பக்கத்துல ஸ்ட்ரெச்சர் கட்டி அடிபட்டவங்களக் கொண்டுவந்து இறக்குவாங்க. ரெண்டாம் உலகப் போர்ல கை கால்ல பெரிய ரத்தக்குழாய் அறுந்தா பாதிப் பேருக்கு அந்த உறுப்பையே எடுக்கற நிலைமை, கொரியால குழாயத் தச்சு ஒட்டப் பழகினதுல அது 13 சதவீதம் மாதிரி குறைஞ்சது. குடிச்சு கூத்தடிச்சு மேலதிகாரிய வம்புக்கு இழுக்கற டாக்டர்ங்கதான் அந்த நாவல் முழுக்க, ஆனா ரெண்டு வாரம் விடாம அடிபட்டவங்க வந்துட்டே இருக்கற ஒரு அத்தியாயம் வரும் பாருங்க, அதுல தூக்கமில்லாம நிக்கறதும் அதே ஆளுங்கதான். கேஸ் கைய மீறிப் போகுதுன்னா, மத்த நேரத்துல எதையும் மதிக்காதவங்க பாதிரியார ஆபரேஷன் டேபிள் பக்கத்துல வந்து ஜெபம் பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

அதனால சிரிக்கறான்னு பயப்படாதீங்க, யாரப் பாத்து சிரிக்கறான்னு கவனிங்க. ரத்த பாங்க் க்யூவ, சீனியரோட கத்தல, தூக்கக் கலக்கத்துல தான் பண்ணின கூத்த சொல்லி சிரிச்சா சிரிக்கட்டும், அதுவும் இல்லன்னா அந்த வேலைய எப்படித் தாங்கறது? ஆனா பேஷன்ட்டோட அழுக்கையும் அறியாமையையும் சொல்லி சிரிச்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க, அம்மாவா அது உங்க உரிமை. அந்த நாவலே இந்த விஷயத்துல சறுக்குது, ஹெட் நர்ஸ் ஹூலிஹான கேலி பண்ற பக்கங்கள் இன்னிக்குப் படிக்கவே கூசுது, ராப்பகலா கூடவே நின்ன நர்ஸுங்கள இப்படியா எழுதறது.

இன்னொண்ணு. அதுல ஒரு பல் டாக்டர் சாகப் போறேன்னு சொல்லுவார், ஃப்ரெண்ட்ஸ் அவருக்கு வழியனுப்பு விருந்து வெச்சு மயக்க மாத்திரை கொடுத்து கூத்து காட்டி மாத்திடுவாங்க. நாவல்ல சரி. நிஜத்துல உங்க பொண்ணோ அவ ஃப்ரெண்டோ சிரிச்சுக்கிட்டே அப்படி ஒரு வார்த்தை சொன்னா விளையாட்டுன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ராத்திரியா இருந்தா 104க்கு போன் பண்ணுங்க. சாப்பாடு குறையுதா, டூட்டி இல்லாத நாள்லயும் தூக்கம் வரலையா, திடீர்னு சிரிப்பே நின்னுபோச்சா, இதெல்லாம்தான் நீங்க பயப்பட வேண்டிய விஷயம்.

நைட் டூட்டி முடிஞ்சு வந்த உடனே எதுவும் கேக்காதீங்க. தூங்கி எழுந்து சாப்பிட்டப்புறம், அந்த நாவல எனக்கும் கொஞ்சம் தமிழ்ல சொல்லேன்டின்னு பக்கத்துல உக்காருங்க. அந்த ரெண்டு வாரத்து அத்தியாயத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.