‘ஸ்மாலர்’ சரி, ‘பியூட்டிஃபுலர்’ ஏன் தவறு?

ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்று சிறியது என்று ஒப்பிட்டால் ‘ஸ்மாலர்’; எல்லாவற்றிலும் சிறியது என்றால் ‘ஸ்மாலஸ்ட்’. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. “அவளை விட உயரம்”, “எல்லாரையும் விட உயரம்” என்கிறோம். ‘உயரம்’ மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் சொல்லே மாறும்.

எப்படி மாறும் என்பதைச் சொல்லின் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரே அசையில், அதாவது ஒரே ஒலித்துண்டில், முடியும் சொல்லுக்குப் பின்னால் ‘அர்’, ‘எஸ்ட்’ ஒட்டும். ‘பியூட்டிஃபுல்’ போல மூன்று அசை வந்துவிட்டால், வாலில் இன்னும் ஒட்டினால் நாக்கு தடுமாறும்; அதனால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ முன்னால் வரும். சைக்கிளில் சின்ன மூட்டையைக் கேரியரில் கட்டிவிடலாம். நீளமான மூங்கில் என்றால் முன்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அதுபோலத்தான். இரண்டு அசைச் சொற்கள்தான் கொஞ்சம் படுத்தும்: ‘ஹேப்பி’ ‘ஹேப்பியர்’ ஆகும், ஆனால் ‘கேர்ஃபுல்’ ‘மோர் கேர்ஃபுல்’ ஆகும்.

‘குட்’ எப்படி ‘பெட்டர்’ ஆனது? ஆகவில்லை. இரண்டும் வேறு வேர்ச்சொற்கள், பழைய ஆங்கிலத்திலேயே ஜோடி சேர்ந்துவிட்டன. மனப்பாடம்தான் வழி.

அழுத்தம் கூடும் என்று நினைத்துப் பலர் ‘மோர் பெட்டர்’ என்கிறார்கள். ‘பெட்டர்’ என்பதிலேயே அந்த ‘மோர்’ இருக்கிறது, அழுத்தம் வேண்டுமென்றால் ‘மச் பெட்டர்’ என்று சொல்லுங்கள்.