விதியில் பெயர் இருக்கட்டும், விண்ணப்பத்தில் வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாதவிடாய் வலிக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எல்லாப் பெண்களுக்கும் மாதம் இரண்டு நாள் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். மொத்தம் 14 பேர், அதில் 9 பேர் பெண்கள். எனக்கும் வலி இருந்தது. 13 வயதில் தொடங்கி 49 வயதில் நிற்கும்வரை மாதம் தவறாமல் இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அதற்காக ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மாதம் ஒரு நாள் என்றே வைத்துக்கொண்டாலும் 9 பேருக்கு வருடத்தில் 108 நாள். நீங்கள் சொல்கிற இரண்டு நாள் என்றால் 216. அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? நான்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அடுத்த முறை ஆள் எடுக்கும்போது ஆணாக எடுத்துவிட்டால் என்ன என்று எனக்கே தோன்றும். எனக்கே தோன்றினால் மற்ற முதலாளிகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

இன்னொன்று. எங்களிடம் வேலை செய்யும் ஒரு பெண் மாதாமாதம் 'வயிறு சரியில்லை மேடம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவாள். பல மாதங்களில் அது திங்கட்கிழமையாக இருக்கிறது. அவளை எப்படி நம்புவது, எப்படி நம்பாமல் இருப்பது? எங்களாலும் முடியும் என்று சண்டை போட்டு உள்ளே வந்தவர்கள் நாம். முடியாத நாளும் உண்டு என்று இப்போது நாமே எழுதிக் கொடுக்கலாமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"எழுதவே வெட்கமாக இருக்கிறது" என்று தயங்கி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் சொல்லத் தோன்றியது. பலர் மனசுக்குள் நினைத்துக்கொண்டு வெளியில் வேறு காரணம் சொல்கிறார்கள். நீங்கள் நினைத்ததையே சொல்லிவிட்டீர்கள். இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் இதே அச்சத்தைத்தான் சொன்னது. இது அரசு முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம், கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடக்கூடும் என்றது. என் கட்டுரையில் நான் அந்த அச்சத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன். அது தவறு.

யார் பணம் கொடுப்பது என்பதை முதலில் பேசிவிடுவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000இல் கொண்டுவந்த மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையில் (எண் 183) ஒரு விதி இருக்கிறது. மகப்பேறு விடுப்புக்கான பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், பொதுவாகத் தனி முதலாளி ஒருவரே அந்தச் செலவைச் சுமக்கக் கூடாது என்கிறது அது. பிள்ளை பெறுகிறவளின் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால், நேர்முகத் தேர்வில் அவர் அவளுடைய படிப்பைப் பார்க்க மாட்டார், வயதைத்தான் பார்ப்பார். உங்களுக்கு வந்த எண்ணம் மகப்பேறு விஷயத்தில் ஏற்கெனவே உலகம் முழுக்க வந்து போன எண்ணம்தான்.

2023இல் ஸ்பெயின் மாதவிடாய் விடுப்புக்குச் சட்டம் கொண்டுவந்தபோது இதை மனதில் வைத்துத்தான் செய்தது. ஐரோப்பாவில் இதற்கு முதல் சட்டம் அது. வலியால் வேலை செய்ய முடியாத நிலை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முதல் நாளிலிருந்தே சமூகப் பாதுகாப்பு நிதி பணம் கொடுக்கும். பீகாரில் 1992இலிருந்தே அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு உண்டு. அங்கே சம்பளம் கொடுப்பதே அரசு என்பதால் உங்கள் கேள்வி எழவில்லை. 2025இல் கர்நாடகம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து வருடத்துக்கு 12 நாள் என்று முடிவெடுத்தது. தனியாரில் அந்தச் செலவு முதலாளியுடையது. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். 14 பேர் கொண்ட இடம் திணறும். விடுப்பு கேட்கிற நாம் அதற்கான பொது நிதியையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும். இனி அப்படித்தான் கேட்பேன்.

ஆனால் உங்கள் 108 நாள் கணக்கை நான் ஏற்கவில்லை.

நெதர்லாந்தில் 15 முதல் 45 வயது வரையுள்ள 32,748 பெண்களிடம் கேட்டு 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் நாட்களில் வேலைக்கோ படிப்புக்கோ போகாமல் இருந்ததுண்டு என்றவர்கள் 13.8 சதவீதம். அநேகமாக ஒவ்வொரு மாதமும் போக முடியாமல் ஆனவர்கள் 3.4 சதவீதம். சராசரி பார்த்தால் ஒரு பெண் இதற்காக வேலைக்கு வராமல் இருந்தது வருடத்துக்கு 1.3 நாள். உங்கள் 9 பேருக்கு அதைப் போட்டால் 12 நாள் வரும். விடுப்பு என்று ஒன்று அறிவித்தால் இது கூடும், அதை மறைக்க விரும்பவில்லை. கூடினாலும் 108க்கு எங்கே போகப் போகிறது? வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், மாத்திரையில் அடங்கிவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. வேலைக்கு வந்து உட்கார்ந்தும் வலியால் வேலை ஓடாமல் இழந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பெண்ணுக்கு வருடத்தில் 8.9 நாள். உங்கள் 9 பேருக்கு 80 நாள். அந்த 80 நாளுக்கு நீங்கள் இப்போதே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 8.9 நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 24 வயதில் ஒரு அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒரு நாள் கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. காது அடைத்தது. உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கியது. எழுந்து போகலாம் என்றால் கதவு எதிர்ப் பக்கம், எட்டுப் பேரைத் தாண்டிப் போக வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். முடிந்ததும் கழிவறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து சுவர் டைல்ஸில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அந்தச் சில்லிப்பு மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த மருந்து. மறுநாள் குறிப்பைப் படியெடுக்க நோட்டைத் திறந்தேன். ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதியிருந்தேன். அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்குக் கோடுகள்தான். என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டேன். வருகைப் பதிவேட்டில் அன்று நான் முழு நாள் வேலை செய்தவள்.

என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அடுத்த மாதம் பல்வலி என்றேன். அதற்கடுத்த மாதம் காய்ச்சல். போன மாதம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வதே தனி வேலையாக இருந்தது.

நீங்கள் 36 வருடம் தாங்கினீர்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் வலியை அளவுகோலாக வைத்து இன்னொருத்தியின் வலியை அளக்க முடியாது. கருப்பையின் உட்படலம் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது கருப்பைத் தசையைச் சுருக்கிப் பிழிகிறது. பிழியப் பிழிய அந்தத் தசைக்கே ரத்தம் போவது குறைகிறது, அங்கிருந்துதான் வலி. இந்தப் பொருள் எவ்வளவு உருவாகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாம் போடும் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அது உருவாவதைத்தான் தடுக்கின்றன. அதனால்தான் வலி முற்றிய பிறகு போடுவதைவிடத் தொடக்கத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையும் ஆகாது.

இந்தப் பொருள் குடலையும் விட்டுவைப்பதில்லை. அதனால் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். உங்களிடம் வேலை செய்யும் அந்தப் பெண் 'வயிறு சரியில்லை' என்று எழுதியது அப்படியே உண்மையாக இருக்கலாம்.

திங்கட்கிழமைக்கும் வருகிறேன். சரியாக 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவளுக்கு ஒரு தடவை திங்கட்கிழமை வந்தால் அடுத்ததும் திங்கட்கிழமைதான் வரும். நான்கு ஏழு இருபத்தெட்டு. எல்லாருக்கும் 28 நாள் இல்லை, எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை, தெரியும். ஆனாலும் கிழமையை வைத்து மட்டும் அவளைச் சந்தேகப்பட்டிருந்தால் அந்தச் சந்தேகத்தை இறக்கி வையுங்கள். பொய் சொல்லி விடுப்பு எடுக்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் காய்ச்சல் என்று சொல்லியும் எடுப்பார்கள். அதற்காகக் காய்ச்சலுக்கு யாரும் விடுப்பை நிறுத்துவதில்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. விடுப்பு என்று எழுதி வைத்தும் யாரும் எடுக்காமல் போவது. ஜப்பானில் 1947இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. போருக்கு முன்பே பேருந்து நடத்துநர்களாக இருந்த பெண்கள் கேட்டுப் போராடிய உரிமை அது. ஓடுகிற பேருந்தில் கழிவறைக்குக்கூடப் போக முடியாமல் நின்றவர்கள் அவர்கள். இன்றும் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில், அதைக் கேட்ட பெண்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை, 0.9 சதவீதம். சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதோடு, இன்று எனக்கு மாதவிடாய் என்று மாதாமாதம் போய் மேலதிகாரியிடம், பெரும்பாலும் ஓர் ஆணிடம், சொல்ல வேண்டும். நெதர்லாந்து ஆய்விலும், உடம்பு சரியில்லை என்று விடுப்பு சொன்னபோது மாதவிடாய்தான் காரணம் என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். நீங்களும் இந்தக் கடிதத்துக்குப் பெயர் வேண்டாம் என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன், விதிப்புத்தகத்தில் மாதவிடாய் என்ற பெயர் பளிச்சென்று இருக்கட்டும். அப்போதுதான் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு இந்த இடம் தன் வலியை நம்புகிறது என்று தெரியும். விண்ணப்பத்தில் அந்தப் பெயர் வேண்டாம். 'உடல்நலம்' என்ற ஒரே கட்டம் எல்லாருக்கும் போதும். மாதாமாதம் சான்றிதழும் கேட்க வேண்டாம். வலியில் சுருண்டு கிடக்கிறவளை ஒரு தாளுக்காக மருத்துவமனை வரிசையில் நிற்க வைப்பது கொடுமை.

ஆனால் ஒவ்வொரு மாதமும் படுத்துவிடுகிறவளிடம் ஒரு முறையாவது மருத்துவரைப் பார்த்தாயா என்று அன்பாகக் கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிறது. என்னோடு வேலை செய்த ஒருத்திக்கு ஒன்பது வருடம் ஆனது. 'எல்லாருக்கும் வருவதுதான், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்' என்று மூன்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவள் நம்பித் திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தாள். விடுப்பு கொடுத்துவிட்டோம் என்று நாம் ஓய்ந்துவிட்டால் நோயைத் தேடுவதும் அங்கேயே நின்றுபோகும்.

'முடியாத நாளும் உண்டு என்று நாமே எழுதிக் கொடுக்கலாமா' என்று கேட்டீர்கள். கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றைத் தலைவலி வந்து இருட்டறையில் படுத்துக் கிடக்கும் ஆணை யாரும் வேலைக்குத் தகுதியில்லாதவன் என்பதில்லை. ஆண் உடம்பு மாதிரி நடித்துக் காட்டினால்தான் சமம் என்றால், அந்த நடிப்பின் செலவு முழுவதும் நம் பக்கமே விழுகிறது. நானும் நீங்களும் அதைக் கட்டித் தீர்த்துவிட்டோம். உங்கள் 9 பேரும் கட்ட வேண்டியதில்லை.

நாற்காலியில்லாமல் நின்றே வேலை செய்கிறவர்கள், நாள் கூலிக்கும் துண்டுக் கூலிக்கும் வேலை செய்கிறவர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. விடுப்பு என்ற சொல்லே அவர்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வியட்நாம் சட்டத்தில் மாதவிடாய் நாட்களில் தினமும் 30 நிமிட ஓய்வு உண்டு, அதுவும் வேலை நேரமாகவே கணக்கு. ஆலையில் நிற்கிறவளுக்கு அது பெரிய விஷயம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

'எல்லாப் பெண்களுக்கும் மாதம் இரண்டு நாள்' என்ற என் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அரசு நிதி வரும்வரை உங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு எது தாங்கும் என்று யோசித்து ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்:

"மாதவிடாய் வலியால் வேலை செய்ய இயலாதவர்கள் மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு எடுக்கலாம். இது நோய் விடுப்பில் கழிக்கப்படாது. அடுத்த மாதத்துக்குச் சேராது. பணமாக மாற்ற இயலாது. 'இன்று உடல்நலமில்லை' என்ற செய்தி போதும். காரணம் கேட்கப்படாது. இயன்றவர்கள் அந்நாளில் வீட்டிலிருந்தும் வேலை செய்யலாம், அது விடுப்பாகாது."

சேராது, பணமாகாது என்பதால் தேவையில்லாதவர்கள் எடுத்துக் குவிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஆறு மாதம் வைத்துப் பாருங்கள். எத்தனை நாள் போனது என்று எனக்கு எழுதுங்கள், 108ஐத் தொட்டால் அதையும் இங்கே வெளியிடுகிறேன். வரைவில் எதை மாற்ற வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், திங்கட்கிழமை செய்தி அனுப்புகிற அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா