கேள்வித்தாளைச் சோதிக்க அழைக்கிறார்கள், போகலாமா?

வாசகர் கேள்வி: அமெரிக்காவில் வேதிப் பொறியியலில் பிஎச்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருக்கிறேன். எச்1பி விசா. போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அறிவியல், பொறியியல் படித்தவர்களைப் பற்றிய அரசுக் கணக்கெடுப்பின் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். ஒரு மணி நேரம் வீடியோவில் பேச முடியுமா என்று கேட்கிறார்கள். அனுப்பியவரின் முகவரி அரசு முகவரியாக இல்லை, ஏதோ ஆய்வு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. "விசா நேரத்தில் வம்பு எதற்கு, விட்டுவிடு" என்கிறார் கணவர். இது உண்மையானதுதானா? ஒப்புக்கொண்டால் எப்படித் தயாராவது?

பதில்: உங்கள் கணவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால் அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில், அதாவது என்எஸ்எஃப்பில், அறிவியல், பொறியியல் புள்ளிவிவரங்களுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. நீங்கள் பட்டம் வாங்கும்போது பட்டதாரிப் பள்ளி அனுப்பிய நீளமான படிவம் நினைவிருக்கிறதா? முனைவர் பட்டம் பெறுவோர் எல்லோரிடமும் 1957 முதல் ஆண்டுதோறும் கேட்கப்படும் அந்தக் கணக்கெடுப்பு இந்த மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. பட்டம் பெற்றவர்களில் ஒரு பகுதியினரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் கணக்கெடுப்பு 1973-இல் தொடங்கியது. கல்லூரிப் பட்டதாரிகள், பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிச் செலவு, தொழில் நிறுவனங்களின் ஆராய்ச்சிச் செலவு என்று இன்னும் பல உண்டு. களப்பணியில் பெரும்பகுதியை மையம் நேரடியாகச் செய்வதில்லை. சிலவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்துகிறது, சிலவற்றை ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆகவே அரசு முகவரியிலிருந்து வரவில்லை என்பதை மட்டும் வைத்து அதைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

போலியா இல்லையா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்க அரசு அமைப்பு எதுவும் பத்துப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே கேள்விகளை வைக்க வேண்டுமென்றால், 1980-இல் வந்த காகித வேலைக் குறைப்புச் சட்டத்தின்படி வெள்ளை மாளிகையின் மேலாண்மை, வரவுசெலவு அலுவலகத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் ஓர் எண் தருவார்கள். என்எஸ்எஃப்புக்கு உரிய எண்கள் 3145 என்று தொடங்கும். கேள்விகளைச் சோதிப்பதற்கும் இந்த ஒப்புதல் தேவை. ஒவ்வொரு சிறு சோதனைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால், அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு ஒரு பொது ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் கீழ் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கமாக எழுதி அனுப்பி நடத்துவார்கள். எனவே அந்த எண் என்ன என்று கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். மையத்தின் இணையதளத்தை நீங்களே திறந்து, அங்கே உள்ள தொடர்பு எண்ணில் கூப்பிட்டு, இந்தச் சோதனை நடக்கிறதா என்று விசாரியுங்கள். பாஸ்போர்ட் எண், சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு இவை மூன்றும் இந்த மாதிரி உரையாடலுக்குத் தேவையே இல்லை. கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விசா விஷயம். புள்ளிவிவரத்துக்காக என்று உறுதி சொல்லி வாங்கிய தகவலை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2002-இல் தனிச் சட்டமே போட்டு, 2018-ஆம் ஆண்டின் சட்டத்தில் அதை மறுபடி உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். தெரிந்தே வெளியிடுபவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். ஒப்பந்த நிறுவன ஊழியர்களையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். உங்கள் அழைப்பிலோ சம்மதப் படிவத்திலோ இந்த உறுதிமொழி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம். நடுவில் நிறுத்தலாம், ஒலிப்பதிவு வேண்டாம் என்று சொல்லலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கட்டாயம் போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் சொந்தக் கதையே காரணம்.

பிஎச்.டி. முடித்தபோது நானும் அந்தப் படிவத்தை நிரப்பினேன். அப்பா, அம்மா எதுவரை படித்தவர்கள் என்று அதில் ஒரு கேள்வி. உயர்நிலைப் பள்ளி முடித்தவர், ஓரளவு கல்லூரி, இளநிலைப் பட்டம் என்று வரிசையாகக் கட்டங்கள். என் அப்பா பியூசி, அதாவது கல்லூரிப் புகுமுக வகுப்பு. பதினொன்றாம் வகுப்பு எஸ்எஸ்எல்சி முடித்து, ஊர்ப் பெருமையோடு கல்லூரிக்குப் போய், ஒரு வருடம் படித்து, வீட்டு நிலைமையால் நின்றுவிட்டவர். 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வருவதற்கு முன் பன்னிரண்டாவது ஆண்டுப் படிப்பு கல்லூரியில்தான் நடந்தது. அவர் கல்லூரிக்குப் போனவரா, போகாதவரா? பேனா இரண்டு கட்டங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றது. "ஓரளவு கல்லூரி" என்று போட்டேன். அதே ஆண்டு முடித்த என் தோழி, அவளுடைய அப்பாவும் பியூசிதான், "உயர்நிலைப் பள்ளி" என்று போட்டிருந்தாள். ஒரே படிப்பு, இரண்டு கட்டம். பெற்றோர் கல்லூரி காணாத குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் முனைவராகிறார்கள் என்று எண்ணுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெறுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தற்காலிக விசாவில் இருப்பவர், அவர்களில் சீனாவுக்கு அடுத்து இந்தியர்களே அதிகம். எங்கள் தயக்கம் எங்களோடு நின்றிருக்காது.

நான் அன்று தயங்கியது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. கணினியில் பதிவானது ஒரு கட்டத்தின் எண் மட்டும். இதைப் பிடிப்பதற்குத்தான் உங்களை அழைக்கும் உரையாடல். அறிதிறன் நேர்காணல் என்பார்கள். 1980-களில் உளவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. ஒருவர் பதில் சொல்வதற்குள் நான்கு வேலை நடக்கிறது என்பது அதன் அடிப்படை: கேள்வியைப் புரிந்துகொள்கிறார், நினைவிலிருந்து எடுக்கிறார், எதைச் சொல்வது என்று எடைபோடுகிறார், அதைக் கொடுத்த கட்டத்துக்குள் பொருத்துகிறார். எந்த இடத்திலும் சறுக்கலாம். என் சறுக்கல் நான்காவதில்.

உங்களுக்கு என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போஸ்ட்டாக் என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். வேலை பற்றிய கேள்வி பெரும்பாலும் பிப்ரவரி 1 போன்ற ஒரு குறிப்பிட்ட நாள் அடங்கிய வாரத்தைச் சொல்லி, "அந்த வாரம் ஊதியத்துக்கு வேலை செய்தீர்களா" என்று வரும். நீங்கள் எச்1பியில் இருப்பதால் பல்கலைக்கழக ஊழியர், தடையில்லாமல் ஆம் என்பீர்கள். பக்கத்து மேசையில் அதே வேலை செய்கிறவர் வெளி ஃபெல்லோஷிப்பில் இருப்பார். அவருக்கு வருவது உதவித்தொகை, சம்பளம் இல்லை. அவர் என்ன சொல்வார்? "நான் வேலையில் இல்லை, ஃபெல்லோ" என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. போதாக்குறைக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இணைவர், இன்னொன்றில் ஸ்காலர் என்று பதவிப் பெயர் வேறு மாறும். பல்கலைக்கழகங்களிடம் எண்ணிக்கை கேட்கும் கணக்கெடுப்பிலும் இதே பிரச்சினைதான். மனிதவள அலுவலகத்தின் பட்டியலில் வெளிப்பணத்தில் இருப்பவர் ஊழியராகவே இருக்க மாட்டார், எண்ணிக்கையில் விட்டுப்போவார்.

தொழில் நிறுவனங்களிடம் கேட்பது இன்னும் சிக்கல். "ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்" என்ற கேள்வி நிதிப் பிரிவு அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் கைவசம் வரிச்சலுகைக்காகப் போட்ட கணக்கு இருக்கும், பங்குதாரர்களுக்கான கணக்கு இருக்கும். கணக்கெடுப்பு கேட்பது மூன்றாவது ஒன்றை. அதற்கு அடிப்படை, 1963-இல் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியில் கூடி எழுதிய சர்வதேசக் கையேட்டின் வரையறை. புதுமை, படைப்புத்தன்மை, முடிவு முன்கூட்டித் தெரியாத நிலை, திட்டமிட்ட முறை, மற்றவர்களும் எடுத்துச் செய்யக்கூடிய தன்மை என்று ஐந்தும் இருந்தால்தான் அது ஆராய்ச்சி என்கிறது 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு. இதை நிதி அதிகாரி தனியாக உட்கார்ந்து எப்படிப் பிரிப்பார்? 1953 முதல் நடந்த பழைய தொழில்துறைக் கணக்கெடுப்புக்குப் பதிலாக 2008-இல் புதியது வந்தபோது, நிதி, பணியாளர், காப்புரிமை என்று படிவத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, நிறுவனத்துக்குள் அந்தந்த விஷயம் தெரிந்தவரிடம் கொடுக்கும்படி அமைத்தார்கள். நிறுவனங்களில் தகவல் யார் கையில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் இப்படி ஒரு படிவத்தை எழுத முடியாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் உடனே கேள்விகளை மாற்றிவிடுவதில்லை என்று தோன்றலாம். மாற்றினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாமல் போகும். எண் உயர்ந்தால், ஆராய்ச்சியாளர்கள் கூடினார்களா, இல்லை கேள்வி மாறியதால் கூடியதா? பட்டதாரி மாணவர்கள், போஸ்ட்டாக்குகளின் கணக்கெடுப்பைத் திருத்தி அமைத்த 2017-இல் பழைய முறைப்படி ஒன்று, புதிய முறைப்படி ஒன்று என்று அதே ஆண்டுக்கு இரண்டு எண்களை வெளியிட்டார்கள். பட்டியல்களில் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மதிக்க வேண்டிய நேர்மை அது. எனவே பத்திருபது பேரிடம் பேசிச் சறுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சொற்களை மாற்றி, மறுபடி வேறு சிலரிடம் பேசிப் பார்ப்பார்கள். கைப்பேசித் திரையில் படிவம் எப்படித் திறக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய கேள்வி, மறு பாதிக்குப் புதியது என்று கொடுத்து ஒப்பிடுவார்கள். "பொருந்துவதை எல்லாம் தேர்வு செய்க" என்று கேட்டால் வரும் பதிலும், அதே பட்டியலை வரிக்கு வரி "ஆம், இல்லை" என்று கேட்டால் வரும் பதிலும் ஒன்றாக இருக்காது. இரண்டாவதில் "ஆம்" கூடும். இது பலமுறை சோதித்து உறுதியான விஷயம்.

சரி, எப்படித் தயாராவது? தயாராகாமல் போங்கள். வரையறைகளைப் படித்துவிட்டுப் போனால் உங்களால் பயனில்லை, ஏனென்றால் வீட்டில் படிவம் நிரப்புகிறவர் யாரும் அவற்றைப் படித்துவிட்டு உட்காருவதில்லை. நம் ஊர் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நம்மில் பலருக்கு இதுதான் பெரிய தடை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, கேட்டவர் மனம் கோணாமல் "எல்லாம் தெளிவாக இருக்கிறது" என்று தலையாட்டிவிடுவோம். அந்த மரியாதையால் கேள்வி அப்படியே அச்சாகிவிடும். மதிப்பெண் வாங்கப்போவது கேள்விதான். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "உங்கள் வேலை படிப்போடு எவ்வளவு தொடர்புடையது என்கிறது. நான் படித்தது வேதிப் பொறியியல், செய்வது பாதி நாள் கோடிங். நெருங்கிய தொடர்பா, ஓரளவா? படிப்பு என்றால் பட்டத்தின் பெயரா, கற்றுக்கொண்ட முறைகளா?" இந்த மாதிரி. பதிலை நடுவில் மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். சங்கடமாக இருக்கிற கேள்வியைச் சங்கடம் என்றே சொல்லுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொன்ன இடம் எது என்றும் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

முடிக்கும்போது, பிறகு ஏதாவது தோன்றினால் எழுத ஒரு முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமானது பெரும்பாலும் இரவு சாப்பிடும்போதுதான் நினைவுக்கு வரும். பெற்றோர் படிப்பு பற்றிய கேள்வி இருந்தால், உங்கள் வீட்டில் பியூசி படித்தவர் யாரும் இல்லாவிட்டாலும், அப்படி ஒரு படிப்பு இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.