மூக்கு வழியாக மருந்து கொடுத்தால் மூளை செல்கள் புதிதாக வளருமா?

எலிகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. மனிதர்களில் இன்னும் நிரூபணமாகவில்லை.

சரி, ஏன் மூக்கு? நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற புரதங்களை ஊசியில் போட்டால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு உள்ளே விடாது. மாத்திரை என்றால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆனால் மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி துளைகளுள்ள மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனை நரம்புகள் அதன் வழியே நேராக மூளைக்குப் போகின்றன. அவற்றை ஒட்டியே மருந்தும் ஏறிவிடும் என்பதுதான் யோசனை.

சிக்கல், அந்த உச்சிவரை மருந்தை ஏற்றுவதில்தான். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்குமே, அதே கதை. அல்சைமர் நோயாளிகளுக்கு மூக்கில் இன்சுலின் தெளித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2020இல் வந்தது, பலன் தெரியவில்லை. ஆய்வின் நடுவில், தெளிக்கும் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது.