ரோசா பார்க்ஸ் பாட்டியா? குழந்தைகளுடன் வாசிக்கும்போது

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். வார இறுதியில் 7 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் பற்றிக் கேட்டால், "ரோசா பார்க்ஸ் பாட்டிக்குக் கால் வலி, அதனால் பஸ்ஸில் எழுந்திருக்கவில்லை, சட்டம் மாறிவிட்டது" என்கிறார்கள். பயமுறுத்தாமல் உண்மையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: முதலில் அந்தப் 'பாட்டி'யை விட்டுவிடலாம். பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதான 1955 டிசம்பர் 1 அன்று ரோசாவுக்கு வயது 42. தையல் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார், அது சரி. ஆனால் உடம்புக் களைப்பு காரணமல்ல, பணிந்துபோய்ப் பணிந்துபோய்த்தான் சலித்துவிட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின், அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரக் கிளைச் செயலாளராகவும் இருந்தவர் அவர்.

கதைப் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு படத்தை வாசிக்க வையுங்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டும் பஸ் வரைபடம் நீதிமன்ற ஆவணமாக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். அதைப் பார்த்து ஒரு தாளில் இருக்கைகளை வரைந்து, மொச்சைக்கொட்டைகளைப் பயணிகளாக வையுங்கள். முன்னால் உள்ள 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. ரோசா இருந்தது அதற்கு அடுத்த வரிசை. முன்பகுதி நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்கிறார். ஓட்டுநர் அந்த வரிசையிலிருந்த நான்கு பேரையும் எழச் சொல்கிறார். "ஒருத்தர் உட்கார எதுக்கு நாலு பேர் எழணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அதே வரிசையில்கூட இரு இனத்தவரும் உட்காரக்கூடாது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் அரை மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு பதியாது.

அப்புறம் கிளாடெட் கொல்வினைப் பற்றி ஒரு பத்தி. அதே ஊர், அதே ஆண்டு மார்ச் 2, வயது 15. அவரும் எழ மறுத்துக் கைதானார். இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்து எது ஒன்று, எது வேறு என்று கோடிட வையுங்கள். பஸ்ஸில் இனவாரி இருக்கை செல்லாது என்று 1956இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கைத் தொடுத்தவர்களில் கிளாடெட் உண்டு, ரோசா இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பயம் பற்றி: ஓட்டுநர் எழச் சொன்னார், மறுத்ததால் கைதுசெய்தார்கள் என்பது இந்த வயதுக்குப் போதும். வீடுகளில் குண்டு வைத்ததெல்லாம் பிறகு தெரிந்துகொள்ளட்டும். "போலீஸ் தப்பு செய்யுமா?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள், அன்று சட்டமே தப்பாக இருந்தது, போலீஸ் அதை அமல்படுத்தியது என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பாதிப் பேரை வெள்ளையராகவும் மீதியைக் கறுப்பினத்தவராகவும் நடிக்க வைப்பது வேண்டாம். ஒரு குழந்தைக்கு அது விளையாட்டாகிவிடும், இன்னொன்றுக்கு அவமானமாகிவிடும்.

அதற்குப் பதில் துண்டறிக்கை எழுதச் சொல்லுங்கள். ரோசா கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டார். அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நீண்டது. என்ன நடந்தது, எந்த நாள், என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி போதும். எழுதி முடித்ததும், "சரி, பஸ் இல்லாம வேலைக்கு எப்படிப் போறது?" என்று கேளுங்கள். நடந்தும் காரைப் பகிர்ந்தும் போனவர்களைப் பற்றி அடுத்த வாரம் வாசிக்கலாம்.